தண்ணீரில் கலந்த விஷத்தைச் சிறை பிடிக்கும் "கிரீடம்"

ஜப்பான் நாட்டின் தென்பகுதியில் மினமாட்டா என்று ஓர் ஊர் இருக்கிறது. கடலோர ஊர். அங்கே பலருக்கு மீன்தான் தொழில். மீன்தான் சாப்பாடு.

1950-களில் அந்த ஊர்ப் பூனைகளுக்கு என்னவோ நேர்ந்தது. நின்ற இடத்திலேயே சுழன்றன. துள்ளிக் குதித்தன. வலிப்பு வந்து செத்தன. பூனைகள் நடனம் ஆடுவதாக ஊரில் பேசிக் கொண்டார்கள்.

பூனைகளோடு அது நிற்கவில்லை. மனிதர்களுக்கும் கை, கால் மரத்துப் போயின. பேச்சு குழறியது. பார்வை சுருங்கியது. 1956-ம் ஆண்டு மே 1-ந் தேதி, அங்கிருந்த ரசாயன ஆலையின் மருத்துவமனை "காரணம் தெரியாத நரம்பு நோய்" என்று சுகாதார அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தது.

காரணம் அதே ஆலையின் கழிவுநீரில் இருந்தது. அதில் கலந்து வந்த பாதரசம் கடலுக்குப் போயிற்று. கடலில் இருந்து மீனுக்கும், மீனில் இருந்து பூனைக்கும் மனிதனுக்கும் போயிற்று. நோயின் அறிகுறி அதிகம் தெரியாத தாய்மார்கள்கூட, கை கால் விளங்காத குழந்தைகளைப் பெற்றார்கள். ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக் கொண்டது 1968-ம் ஆண்டில்தான். அதற்குள் 12 ஆண்டுகள் ஓடிவிட்டன.

விஷத்தைத் தண்ணீரில் கலப்பது சுலபம். கலந்த விஷத்தைத் திரும்ப எடுப்பது எப்படி? இதற்கு விடை தேடியவர்களுக்குக் கிடைத்த கருவிகளில் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையம். அந்த வளையத்தின் கதை இது.

கொதிக்க வைத்தால் போகுமா?

காரீயம், பாதரசம், காட்மியம் போன்றவற்றைக் கன உலோகங்கள் என்கிறார்கள். இவை தண்ணீரில் கரைந்திருந்தால் நிறம் இருக்காது. வாசனை இருக்காது. குடிப்பவருக்குத் தெரியாது.

(வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வேறு. அது வெள்ளீயம். இங்கே சொல்வது காரீயத்தை. பழைய தண்ணீர்க் குழாய்களிலும், பாட்டரிகளிலும், பழைய பெயிண்டுகளிலும் இருப்பது இதுதான்.)

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். காரீயம் சாகாது. தண்ணீர் ஆவியாகிப் போகப் போக, மிச்சமிருக்கும் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். பிளீச்சிங் பவுடரும் கிருமிக்குத்தான். படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும். கரைந்து நிற்கும் விஷத்தை முழுவதும் இறக்கிவிடாது.

இன்று பல வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. அது கன உலோகங்களைப் பெரும் அளவில் பிரித்துவிடும். ஆனால் பிரித்ததை எங்கே அனுப்புகிறது? பக்கத்துக் குழாய் வழியாகச் சாக்கடைக்கு அனுப்புகிறது. ஒரு வீட்டுக்கு அது தீர்வு. ஆற்றுக்குத் தீர்வு அல்ல.

எவ்வளவு காரீயம் இருந்தால் ஆபத்து? இந்தியக் குடிநீர்த் தர விதிப்படி, ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அதாவது மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டியில் மொத்தமே 10 மில்லிகிராம்தான் அனுமதி. ஓர் அரிசி மணியின் எடைகூட அது இல்லை. பாதரசத்துக்கு விதி இன்னும் கடுமை. அதில் பத்தில் ஒரு பங்குதான்.

ஒன்றுக்கு ஐயாயிரம்

உலோகத்தைப் பிடிக்கும் பிசின் மணிகள் பல காலமாகவே இருக்கின்றன. உப்புத் தண்ணீரை மென்னீராக்க ஆலைகளில் பயன்படுத்துகிறார்கள். பிறகு என்ன கஷ்டம்?

கஷ்டம் கூட்டத்தில் இருக்கிறது. சாதாரணக் கிணற்று நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் இருப்பது சகஜம். அது கெடுதல் இல்லை, எலும்புக்கு நல்லது. அதே தண்ணீரில், அனுமதித்த அளவைப்போல் ஐந்து மடங்காக, 0.05 மில்லிகிராம் காரீயம் கலந்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். எண்ணிக்கையில் பார்த்தால், ஒரு காரீய அயனிக்கு ஐயாயிரம் கால்சியம் அயனிகள் நிற்கும்.

சாதாரணப் பிசின், வந்தவரை எல்லாம் ஏற்றிக் கொள்ளும் பொதுப் பெட்டி மாதிரி. கால்சியமே இடத்தை எல்லாம் அடைத்துக் கொள்கிறது. காரீயத்தில் ஒரு பகுதி வெளியே நின்று, அப்படியே குடத்துக்குள் போய்விடுகிறது.

வேண்டியது, பெயர் பார்த்து இடம் கொடுக்கும் ஒரு பொருள். ஐயாயிரம் பேர் நடுவில் குற்றவாளி ஒருவனை மட்டும் அடையாளம் கண்டு பிடிக்க வேண்டும். மற்றவர்களை விட்டுவிட வேண்டும்.

தூக்கி எறியாத வெள்ளைத் தூள்

அந்தப் பொருளுக்கு வழி காட்டியவர் சார்லஸ் பெடர்சன். இவருடைய வாழ்க்கையே ஒரு கதை.

1904-ம் ஆண்டு கொரியாவின் பூசான் நகரில் பிறந்தார். தந்தை நார்வேக்காரர், கப்பல் என்ஜினீயர். தாய் ஜப்பானியப் பெண்மணி. சிறுவனாக இருந்தபோதே படிப்புக்காக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். பிறகு அமெரிக்கா போய் என்ஜினீயரிங் படித்தார். ரசாயனத்தில் எம்.எஸ். பட்டம் வாங்கினார். டாக்டர் பட்டத்துக்கும் படிக்கச் சொன்னார்கள். தந்தையின் பணத்தில் இனியும் காலம் தள்ளக் கூடாது என்று வேலைக்குப் போய்விட்டார். 1927-ம் ஆண்டு டூபாண்ட் கம்பெனியில் சேர்ந்தார். 42 ஆண்டுகள் அங்கேயே வேலை செய்தார்.

1961-ம் ஆண்டு. பெடர்சனுக்கு அப்போது 56 வயது. வனேடியம் என்ற உலோகத்தைப் பற்றிக் கொள்ளும் ஒரு பொருளைத் தயாரிக்க முயன்று கொண்டிருந்தார். எடுத்துக் கொண்ட மூலப் பொருள் சுத்தமானது அல்ல; அதில் வேறு ஒன்று கொஞ்சம் கலந்திருந்தது. அது அவருக்கும் தெரியும். பரவாயில்லை என்று வேலையைத் தொடர்ந்தார்.

கடைசியில், வேண்டிய பொருளோடு, வேண்டாத வெள்ளைப் படிகம் துளியளவு கிடைத்தது. நூறு பங்கில் அரைப் பங்குகூட இல்லை. பட்டு நூல்போல் இருந்தது. இன்னொருவராக இருந்தால் கழுவிக் கொட்டியிருப்பார். பெடர்சன் கொட்டவில்லை. சோதித்துப் பார்த்தார்.

அந்தப் படிகம் மெதனால் திரவத்தில் சரியாகக் கரையவில்லை. ஆனால் கொஞ்சம் காஸ்டிக் சோடாவைப் போட்டதும் கரைந்தது! வேறு சோடிய உப்பைப் போட்டாலும் கரைந்தது. அப்படியானால் சோடியத்துக்கும் இதற்கும் ஏதோ உறவு இருக்கிறது என்பது தெளிவாயிற்று.

அந்த மூலக்கூறின் அமைப்பை ஆராய்ந்தபோது விஷயம் விளங்கியது. அது ஒரு வளையம். 18 அணுக்கள் சேர்ந்த வளையம். அவற்றில் 6 ஆக்சிஜன் அணுக்கள். நடுவில் ஒரு பள்ளம். சோடியம் அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அரசன் தலையில் கிரீடம் வைப்பதுபோல், உலோகத்தின் மேல் வளையத்தை வைக்கலாம், எடுக்கலாம். அதனால் "கிரீடம்" என்றே பெயர் வைத்தார்.

1967-ம் ஆண்டு இந்த ஆராய்ச்சி முடிவுகள் வெளியாயின. பிரான்சில் ழான்-மரி லேன், வளையத்தை நாலு பக்கமும் மூடிய கூண்டாக வளர்த்தார். அமெரிக்காவில் டொனால்ட் கிராம், உலோகம் வருவதற்கு முன்பே அதற்கு அளவெடுத்த இடத்தோடு காத்திருக்கும் மூலக்கூறுகளைச் செய்தார். இடம் கொடுக்கும் மூலக்கூறை வீட்டுக்காரர் என்றும், வந்து உட்காரும் உலோகத்தை விருந்தாளி என்றும் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது.

1987-ம் ஆண்டு மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. பெடர்சனுக்கு அப்போது 83 வயது. டாக்டர் பட்டம் இல்லாமலே விஞ்ஞான நோபல் பரிசு பெற்ற மிகச் சிலரில் அவரும் ஒருவர். இரண்டு ஆண்டுகளில், 1989-ல் காலமானார்.

அளவு சரியாக இருந்தால்தான் இடம்

இந்த வளையம் எப்படி ஆள் பார்த்துப் பிடிக்கிறது?

கரைந்த உலோகத்துக்கு நேர் மின்சாரம் உண்டு. வளையத்தின் ஆக்சிஜன் அணுக்களில் லேசான எதிர் மின்சாரம் உண்டு. அதனால் உலோகம் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆனால் இழுப்பு மட்டும் போதாது. பள்ளமும் உலோகமும் அளவில் பொருந்த வேண்டும். பெரியதாக இருந்தால் நுழையாது. சிறியதாக இருந்தால் லொடலொடவென்று ஆடும், பிடிப்பு இருக்காது. தவிர, தண்ணீரை இறுகப் பற்றிக் கொண்டிருக்கும் உலோகம் அதை விட்டு எளிதில் வராது.

கால்சியத்துக்கு இந்த இரண்டு குறையும் உண்டு. சிறியது, தண்ணீரை விடாதது. காரீயமோ 18 அணு வளையத்தில் பாந்தமாக உட்காருகிறது. அந்த வளையம், பொட்டாசியத்தைப் பிடிப்பதைவிட நூறு மடங்குக்கும் மேலான பலத்துடன் காரீயத்தைப் பிடிக்கிறது. கால்சியத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பல ஆயிரம் மடங்கு. ஒன்றுக்கு ஐயாயிரம் என்ற கூட்டத்தில் ஆளைப் பிடிக்க இந்தப் பலம்தான் உதவுகிறது.

இது இயற்கைக்குப் புதிது அல்ல. ரத்தத்தின் சிவப்புப் பொருளில் ஒரு வளையம் இரும்பை நடுவில் பிடித்துக் கொண்டிருக்கிறது. இலையின் பச்சையத்தில் அதே மாதிரி ஒரு வளையம் மக்னீசியத்தைப் பிடித்துக் கொண்டிருக்கிறது.

கந்தகத்துக்கு வசப்படும் பாதரசம்

பாதரசத்துக்கு ஆக்சிஜன் வளையம் அவ்வளவாக ஒத்து வராது. அதற்குப் பிடித்தது கந்தகம்.

இதைச் சித்த வைத்தியர்கள் நன்றாக அறிவார்கள். ஓடி ஓடிப் போகும் பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்து அரைத்தால், ஓட்டம் நின்று கறுப்புப் பொடியாகும். மலையில் தோண்டி எடுக்கும் சாதிலிங்கமும் பாதரசமும் கந்தகமும் சேர்ந்ததுதான்.

உடம்புக்குள் பாதரசம் கெடுதல் செய்வதற்கும் இந்தக் கந்தக ஆசை ஒரு முக்கியக் காரணம். உடம்பின் புரதங்களில் கந்தகம் இருக்கிறது. பாதரசம் அதைப் பற்றிக் கொண்டு, புரதத்தை வேலை செய்ய விடாமல் முடக்குகிறது.

அந்த ஆசையையே தூண்டிலாக வைத்தார்கள் விஞ்ஞானிகள். வளையத்தில் ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்தார்கள். பாதரசம் அதில் போய் மாட்டிக் கொண்டது.

1997-ம் ஆண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வுக்கூடத்தினர் இதே தத்துவத்தை வேறு விதமாகச் செய்து காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த ஒரு பொடி. துளைகளின் சுவர் முழுவதும் கந்தகம். அந்தப் பொடி ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் சுமார் 900 சதுர மீட்டர் வரும். மும்பையில் 300 சதுர அடி அறைகள் முப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆகும் இடம் அது. ஒரு சிட்டிகைப் பொடிக்குள் அத்தனை இடம்!

பிடித்ததை விடவும் தெரிய வேண்டும்

வளையத்தை அப்படியே தண்ணீரில் போட்டுவிட முடியாது. அது விலை கூடிய பொருள்; தண்ணீரோடு போய்விடும். தவிர, அதுவே உடம்புக்கு ஆகாதது.

இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழக விஞ்ஞானிகளான இசாட், பிராட்ஷா, கிறிஸ்டென்சன் ஆகியோர். புதுப் பெட்டி, கேமரா முதலியவற்றோடு சிறு பொட்டலத்தில் வருகிறதே சிலிக்கா மணி, அந்த வகை மணிகளின் மேல் வளையங்களைச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். 1980-களில் நடந்த வேலை இது.

அந்த மணிகளை ஓர் உருளையில் நிரப்பி, மேலே இருந்து கழிவுநீரை விட வேண்டும். தண்ணீர் கீழே போகும். குறிப்பிட்ட உலோகம் மட்டும் வளையத்தில் நின்றுவிடும். உருளை நிறைந்ததும், கொஞ்சம் அமிலம் போன்ற தகுந்த திரவத்தை விட்டுக் கழுவினால் உலோகம் வெளியே வந்துவிடும். வளையம் மறுபடி காலி. மறுபடி வேலைக்குத் தயார்.

இந்த "விடும்" குணத்தில்தான் லாபம் இருக்கிறது. பல தொழிற்சாலைகளில் கழிவுநீரில் சுண்ணாம்பைக் கலந்து உலோகங்களைப் படிய வைக்கிறார்கள். செலவு குறைவு. ஆனால் எல்லா உலோகமும் கலந்த சேறுதான் மிச்சம். அதை எங்காவது புதைக்க வேண்டும். மழை பெய்து ஊறினால் பழைய கதை மறுபடி தொடங்கும். வளையமோ, ஆயிரக்கணக்கான லிட்டரில் சிதறிக் கிடந்த உலோகத்தைச் சில லிட்டரில் தனியாகத் திரட்டிக் கையில் கொடுக்கிறது. அதைத் திரும்பவும் பயன்படுத்தலாம்.

டிராம்பேயில் நடக்கும் அதிசயம்

இதெல்லாம் பரிசோதனைக் குழாயோடு நின்றுவிட்ட விஷயம் என்று நினைக்க வேண்டாம். செம்பூருக்கு அப்பால், டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் இந்த வேலை நடக்கிறது.

அணு எரிபொருள் கழிவில் சீசியம்-137 என்ற உலோகம் இருக்கும். கடுமையான கதிர்வீச்சு உடையது. அதன் வேகம் பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் ஆகும். அது கரைந்திருக்கும் கழிவிலோ சோடியம் போன்ற உப்புகள் ஏராளம். சீசியத்தை மட்டும் பிரிக்க, கிண்ணம் போன்ற ஒரு மூலக்கூறின் வாயில் கிரீட வளையத்தைப் பொருத்திய பொருளை அங்குள்ள விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் சவானா ரிவர் என்ற இடத்திலும் இதே இனத்து மூலக்கூறைக் கொண்டு 2008-ம் ஆண்டு முதல் அணுக் கழிவில் இருந்து சீசியம் பிரிக்கப்பட்டது.

டிராம்பேயில் பிரித்த சீசியத்தைக் கண்ணாடியோடு உருக்கிச் சேர்த்துப் பென்சில் போன்ற குச்சிகளாக்கினார்கள். அந்தக் குச்சிகள், நோயாளிகளுக்கு ஏற்றும் ரத்தத்தைக் கதிர்வீச்சால் பக்குவப்படுத்தும் கருவிகளில் வைக்கப்படுகின்றன. விஷம் என்று ஒதுக்கியது மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது.

எல்லாவற்றுக்கும் சர்வரோக நிவாரணி அல்ல

வளையத்துக்கும் குறைகள் உண்டு. காரீயத்தைப் பிடிக்கும் வளையம், ஏறக்குறைய அதே பலத்தோடு பேரியத்தையும் பிடிக்கும். தண்ணீரில் பேரியம் அதிகமாக இருந்தால் தடுமாறும். மேற்கு வங்காளக் கிணறுகளில் உள்ள ஆர்செனிக், தண்ணீரில் வேறு வடிவத்தில் இருப்பதால் கிரீடத்துக்கு வசப்படாது. அதை இரும்புத் துரு போன்ற பொருள்களைக் கொண்டு பிடிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக விலை. ஊர் முழுவதற்கும் குடிநீர் கொடுக்கும் நிலையத்தில் இந்த மணிகளைக் கொட்டி நிரப்பக் கட்டுப்படியாகாது.

அப்படியானால் எங்கே கட்டுப்படியாகும்? விஷம் எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே கட்டுப்படியாகும். அதாவது ஆலையின் கழிவுக் குழாய் வாயிலேயே. ஒரு குழாயில் ஒரு கிராம் பாதரசத்தைப் பிடிப்பது ஓர் உருளையின் வேலை. அதே ஒரு கிராம் ஆற்றில் கலந்துவிட்டால், ஆற்றையே வடிகட்ட வேண்டும். கடலில் கலந்துவிட்டால் யாராலும் முடியாது.

இது தூரத்து ஜப்பான் கதை மட்டும் அல்ல. டிட்வாலா கணபதி கோயிலுக்குப் போகிறவர்கள் பார்க்கும் காளு நதியில், ஆம்பிவ்லி பக்கத்து ஆலைக் கழிவுகளால் பாதரசம் கலந்திருப்பதை 1970-களிலும் 80-களிலும் விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள். கொடைக்கானலில் பாதரசக் கழிவுப் பிரச்சினையால் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை 2001-ம் ஆண்டு மூடப்பட்டது. ஆலை மூடப்பட்டாலும் மண்ணில் இறங்கிய பாதரசத்தைச் சுத்தம் செய்யும் விவகாரம் அதோடு முடியவில்லை.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013-ம் ஆண்டு செய்து கொண்ட உடன்படிக்கைக்கு "மினமாட்டா ஒப்பந்தம்" என்றே பெயர். இந்தியா அதை 2018-ம் ஆண்டு உறுதி செய்தது.

பூங்காவுக்குக் கீழே

மினமாட்டாவில் கடைசியில் என்ன செய்தார்கள்?

மீன்கள் வெளியே போகாதபடி 1974-ம் ஆண்டு விரிகுடாவில் வலை கட்டினார்கள். 1977-ல் தொடங்கி 1990 வரை கடலடிச் சேற்றைத் தோண்டினார்கள். சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு. ஆன செலவு சுமார் 4,850 கோடி யென். வலையை அவிழ்த்தது 1997-ம் ஆண்டில்தான்.

தோண்டிய சேற்றில் இருந்து பாதரசத்தைப் பிரித்து எடுக்க முடியவில்லை. கடலோரத்தில் கொட்டி, மேலே நல்ல மண்ணைப் போட்டு மூடினார்கள். அப்படி உண்டான 58 ஹெக்டேர் நிலத்தில் இன்று பூங்கா இருக்கிறது. மரங்கள் நிற்கின்றன. பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கீழே பாதரசம் அப்படியே கிடக்கிறது.

பெடர்சன் தன் வெள்ளைப் படிகத்தைக் கண்டபோது, மினமாட்டா ஆலையின் கழிவுக் குழாய் இன்னும் ஓடிக் கொண்டுதான் இருந்தது. அன்று அந்த வளையம் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. இன்று அந்தச் சாக்கு யாருக்கும் கிடையாது. ஆலை வாசலிலேயே விஷத்தைப் பிடிக்க வழி இருக்கிறது. பிடிக்கச் சொல்ல வேண்டியவர்கள் சொல்ல வேண்டும். பிடிக்க வேண்டியவர்கள் பிடிக்க வேண்டும்.